ஹாஸ் கனவும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜும்: பிசினஸ் படிப்புக்கு மாறுவது எப்படி?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 9

மகன் இந்த வருடம் பள்ளி முடித்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) பெர்க்லி வளாகத்தில் உள்ள ஹாஸ் பள்ளியில் பிசினஸ் படிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தான், இடம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) போட்டுவிட்டு மூன்றாம் வருடம் ஹாஸுக்கு மாற்றிக்கொள்ளலாம், அது சுலபமான கொல்லைப்புற வழி என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 10

என் மகன் இந்த வழியில் போனவன். 2021இல் வீட்டுக்கு அருகிலிருந்த கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான், 2023இல் யூசி டேவிஸுக்கு மாறினான், இந்த ஜூனில் பட்டம் வாங்கினான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இது கொல்லைப்புற வழி இல்லை. கலிபோர்னியா 1960இல் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டபோதே திறந்து வைத்த வாசல் இது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு கால் ஸ்டேட் என்கிற கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு, மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து நன்றாகப் படிப்பவர் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு என்று அன்றே வகுத்தார்கள். இன்றைக்கு 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. இரண்டு புது மாணவருக்கு ஒரு மாற்றல் மாணவர் என்பதுதான் யூசி வைத்திருக்கும் இலக்கு. உங்கள் மகன் அந்த வாசல் வழியாகத் தலை நிமிர்ந்து போகலாம்.

சுலபமா என்றால், ஹாஸுக்கு இல்லவே இல்லை. மாற்றலில் விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அங்கே இடம் கிடைப்பதில்லை. 2024 முதல் ஹாஸ் நான்கு வருடப் படிப்பாகி, பள்ளி முடித்தவர்களை நேரடியாகவும் எடுக்கிறது. மாற்றல் மாணவர்களை இன்னும் மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் யூசி பொது விண்ணப்பம் போதாது, ஹாஸுக்கென்று தனியாக இன்னொன்றும் எழுத வேண்டும். கால்குலஸ், புள்ளியியல், பொருளாதாரம், பிசினஸ் அறிமுகம், ஆங்கிலம் எல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும், நல்ல கிரேடோடு.

ஹாஸுக்கு எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வகுப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே குறைந்தது நான்கு இடங்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றும் என்னென்ன பாடம் கேட்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி இரண்டு வருடத்தையும் போடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கதையைப் பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, இரவு

பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அசிஸ்ட் என்று மாநிலமே நடத்தும் தளம் இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு என்று தேர்ந்தெடுத்தால் ஒரு தாள் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாக உங்கள் காலேஜில் உள்ள பாடம். வலது பக்கத்தில் ஈடான பாடம் இல்லை என்று போட்டிருந்தால், அதை வேறு காலேஜில் எடுக்க வேண்டியிருக்கும். அண்ணன், அத்தை, பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் காலேஜ் கவுன்சிலர், நான் உட்பட யார் சொன்னாலும் அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு நம்புங்கள்.

தாளின் மேலே இருக்கும் கல்வியாண்டையும் கவனியுங்கள். பழைய ஆண்டின் தாளைப் பிரின்ட் எடுத்து ஒட்டி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். இந்த ஆண்டிலிருந்து எல்லாக் கம்யூனிட்டி காலேஜுக்கும் பொதுவான பாட எண்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆங்கிலம், புள்ளியியல் போன்ற சில பாடங்கள் முதலில் மாறியிருக்கின்றன. பழைய தாளில் இருக்கும் எண்ணைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

ஆகஸ்ட் 14

"பிசினஸ் என்றால் எல்லா யூசியிலும் இருக்கும்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நாங்கள் தடுக்கி விழுந்த இடமும் இதுதான்.

யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவில் இளநிலையில் பிசினஸ் என்றே ஒரு படிப்பு கிடையாது. பிசினஸ் எகனாமிக்ஸ்தான், அது பொருளாதாரத் துறையில் இருக்கிறது. ஆண்டர்சன் பள்ளி எம்பிஏ போன்ற மேல்படிப்புகளுக்கு. சான்டா பார்பராவில் எகனாமிக்ஸ் அண்டு அக்கவுன்டிங். சான்டா குரூஸில் பிசினஸ் மேனேஜ்மென்ட் எகனாமிக்ஸ். அர்வைனிலும் ரிவர்சைடிலும் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற பெயரிலேயே உண்டு. பெயரில் பிசினஸ் என்ற சொல் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெற்றோர் அதைவிட அதிகமாக நினைக்கிறோம்.

டேவிஸில் என் மகன் படித்தது மேனேஜீரியல் எகனாமிக்ஸ். அந்தப் படிப்பு வேளாண்மை, சுற்றுச்சூழல் அறிவியல் கல்லூரியின் கீழ் வருகிறது. கும்பகோணத்தில் என் மாமியாரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நம்ம வீட்ல மூணு தலைமுறையா வயல்ல இறங்கினவங்கதான், அதைப் படிக்க அமெரிக்கா போகணுமா?" என்றார். பிறகு அவன் பாட்டிக்குப் பொறுமையாக விளக்கினான்: பாட்டி, நெல்லை எப்ப விக்கிறது, எவ்வளவு இருப்பு வைக்கிறது, கடன் வாங்கினா கட்டுபடியாகுமா, இதுதான் பாடம். அதைக் கேட்டதும் அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கே அந்தப் படிப்பு என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகஸ்ட் 23

பிறகு எழுதுகிறேன் என்று சொன்ன கதை. கொஞ்சம் நீளம்.

2021இல் நாங்கள் ஒரே ஒரு தாளை மட்டும் பிரின்ட் எடுத்தோம், ஹாஸ் தாளை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, முடித்த பாடங்களைப் பச்சை மார்க்கரால் அடித்துக்கொண்டே வந்தோம். முதல் வருடம் நன்றாகப் போனது. ஹாஸ் தாளில் அக்கவுன்டிங் இல்லை, அதை அவர்கள் மூன்றாம் ஆண்டில் தாங்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால் அவன் அக்கவுன்டிங் பக்கமே போகவில்லை.

2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மற்ற இடங்களையும் பார்ப்போமே என்று டேவிஸ், அர்வைன், ரிவர்சைடு, சான் ஹோசே ஸ்டேட் தாள்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். நான்கிலும் அக்கவுன்டிங் இருந்தது. சில இடங்கள் இரண்டு கேட்டன: ஃபைனான்ஷியல் ஒன்று, மேனேஜீரியல் ஒன்று. அவன் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன்.

எங்கள் காலேஜ் குவார்ட்டர் முறை, செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். செமஸ்டர் காலேஜில் இரண்டு பாடமாக வரும் அக்கவுன்டிங் இங்கே 1ஏ, 1பி, 1சி என்று மூன்றாக உடைந்து வரும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. இலையுதிர் காலத்தில் 1ஏ, குளிர்காலத்தில் 1பி, வசந்தத்தில் 1சி. எங்காவது ஒரு குவார்ட்டர் தவறினால் மாற்றலே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். ஒரு கவுன்சிலரிடம் கேட்டதற்கு, ஒரு அக்கவுன்டிங் போதும், மீதியைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தாள் அப்படிச் சொல்லவில்லை. தாளை நம்பினோம்.

1ஏவைப் பதிவு செய்யப் போனபோது எல்லா வகுப்பும் நிரம்பியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் 12ஆவது இடம். முதல் நாள் வகுப்புக்கு இருபது நிமிடம் முன்னாலேயே போய், நாற்காலி இல்லாமல் பின்சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் வருகைப் பதிவை முடித்ததும் வராதவர்களின் இடங்களுக்குச் சேர்ப்பு எண் கொடுத்தார், சின்னச் சின்னத் துண்டுத் தாளில். பட்டியலில் இவனுக்கு முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. அந்தத் துண்டை இன்னும் என் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

அதனால் கேட்கிறவர்களுக்கு: ஹாஸ் தாளோடு அக்கவுன்டிங் கேட்கும் இரண்டு மூன்று தாள்களையும் சேர்த்து வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களை முதலில் எடுங்கள். நுண்பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், கால்குலஸ், புள்ளியியல், முதல் ஆங்கிலம். எதை மாற்றிக்கொண்டாலும் இவை வீணாகாது. அக்கவுன்டிங்கை முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஒரு தொடரைத் தொடங்கிய காலேஜிலேயே முடியுங்கள், நடுவில் காலேஜ் மாறாதீர்கள்.

ஆகஸ்ட் 24

நேற்று எழுதிய கடைசி வரியைத் திருத்த வேண்டும். மகன் படித்துவிட்டு போன் செய்தான். நடுவில் மாறவே கூடாது என்பதில்லை, எந்த இடத்தில் மாறுகிறோம் என்பதுதான் முக்கியம் என்கிறான். அவன் வருடத்து அசிஸ்ட் தாளில் 1ஏ, 1பி இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஃபைனான்ஷியல் பாடத்துக்கு ஈடு. அந்த இரண்டும் முடிந்திருந்தால் மேனேஜீரியலை வேறு செமஸ்டர் காலேஜில் எடுக்கலாம். 1ஏவோடு நிறுத்திவிட்டு செமஸ்டர் காலேஜுக்குப் போனால், ஃபைனான்ஷியல் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். அவனுடைய நண்பன் ஒருவன் அப்படித்தான் ஒரு கோடை முழுவதையும் இழந்தான்.

யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பு) கணக்கும் அதேபோல. ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். யூசிக்கு மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். இரண்டு வகைக் காலேஜிலும் படிப்பவர்கள் ஒரே கணக்காக மாற்றி எழுதிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 24

செலவு கேட்டவருக்கு: கம்யூனிட்டி காலேஜில் மாநிலத்தில் வசிப்போருக்குச் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். எங்களுடையது போன்ற குவார்ட்டர் காலேஜில் 31 டாலர். 90 யூனிட்டுக்கு 2,790 டாலர், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. முதல்முறை முழுநேரமாகச் சேருபவர்களுக்குப் பல காலேஜ்கள் அதையும் தள்ளுபடி செய்கின்றன. யூசியில் ஒரு வருடக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். வாங்கும் பட்டத்தில் எங்கே தொடங்கினார் என்று எழுதியிருக்காது.

செப்டம்பர் 6

இரண்டாம் வருடத்தில் இருப்பவர்களுக்கு அவசரமான விஷயம். யூசியில் டேக் என்று ஒரு உறுதித் திட்டம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் பாடங்களையும் கிரேடு சராசரியையும் எட்டினால் இடம் நிச்சயம் என்று எழுதியே தருகிறார்கள். ஆறு வளாகங்கள்தான்: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. ஒரு மாணவர் ஒரு வளாகத்துக்கு மட்டும்தான் போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரைதான். அந்த வளாகத்தில் எந்தெந்தப் படிப்புக்கு டேக் இல்லை என்ற பட்டியலையும் பாருங்கள், கூட்டம் அதிகமுள்ள படிப்புகளை விலக்கி வைப்பார்கள்.

நாங்கள் டேவிஸுக்கு டேக் போட்டோம். போட்ட அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். ஒரு வருடத்தில் முதல்முறை.

செப்டம்பர் 7

நேற்று எழுதியதைப் பார்த்து ஒருவர், டேக் போட்டாயிற்று, இனி விண்ணப்பமே வேண்டாமே என்கிறார். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். டேக் போட்டவரும் அக்டோபர், நவம்பரில் யூசி பொது விண்ணப்பத்தை அதே வளாகம், அதே படிப்பு என்று குறிப்பிட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் டேக் செல்லாது. அதே விண்ணப்பத்தில் பெர்க்லி, யூசிஎல்ஏ என்று மற்ற இடங்களையும் சேர்க்கலாம். மகன் ஹாஸையும் சேர்த்தான்.

செப்டம்பர் 21

கால் ஸ்டேட்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்ற கேள்வி நியாயமானது. மாற்றலுக்கென்றே இருக்கும் இரண்டு வருட அசோசியேட் பட்டத்தைப் பிசினஸில் முடித்தால் கால் ஸ்டேட் வளாகங்களில் ஏதோ ஒன்றில் இடம் உறுதி, மேலும் 60 யூனிட்டில் பட்டத்தை முடித்துவிடலாம். 2010இல் வந்த சட்டம் அது. 'ஏதோ ஒன்றில்' என்பதைக் கவனியுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டில் பிசினஸுக்கு நெருக்கடி அதிகம். வீட்டிலிருந்தே போய்வர வேண்டும் என்பவர்கள் அந்த உறுதியை நம்பி மட்டும் இருக்கக் கூடாது.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் எல்லோரும் முடிக்க வேண்டிய பொதுப் பாடங்களின் பட்டியலும் இந்த ஆண்டு மாறியிருக்கிறது. முன்பு யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் தனித்தனியாக ஓடினோம். இந்த இலையுதிர் காலத்தில் சேருபவர்களுக்கு இரண்டுக்கும் பொதுவாக கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல், 34 செமஸ்டர் யூனிட். கேள்வி கேட்டவரின் மகனுக்கு இது பொருந்தும். ஆனால் பிசினஸ் பாடங்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பொதுப் பாடங்களை மட்டும் முடித்துக்கொண்டு போகாதீர்கள். சேர்க்கையில் முதலில் பார்ப்பது படிப்புக்கான பாடங்களைத்தான்.

அக்டோபர் 19

ஹெச்4 விசாவில் (ஹெச்1பியில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி.

ஹெச்4 பிள்ளைகள் மாநிலத்தில் வசிக்கும் விதிகளை நிறைவு செய்தால் மாநிலத்தவர் கட்டணம்தான். சிக்கல் 21 வயதில். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் ஹெச்4 முடிந்து எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எஃப்1இல் இருப்பவர் மாநிலத்தவர் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியாது. யூசியில் வெளிமாநிலத்தவர் கூடுதலாகக் கட்டுவது வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல். கம்யூனிட்டி காலேஜ் வழியில் போகும் பிள்ளை யூசியில் சேரும்போதே இருபது ஆகிவிடும். அதனால் பிறந்தநாளையும் அந்த இரண்டு வருடத் திட்டத்தில் ஒரு பாடம் போலக் குறித்து வையுங்கள். பல்கலைக்கழகத்தில் குடியிருப்புத் தகுதியைத் தீர்மானிக்கும் அலுவலகத்துக்கும் ஒரு வழக்கறிஞருக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்ப வேண்டாம்.

எங்களுக்கு அந்தக் கார்டு நேரத்துக்கு வந்தது. வராத குடும்பங்களின் பிள்ளைகள் ராத்திரி பகலாகப் படித்தும் இந்தத் தேதியில் மாட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நவம்பர் 16

கட்டுரைகள். மாற்றல் மாணவர் நான்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். ஒன்று கட்டாயம்: உங்கள் படிப்புக்கு எப்படித் தயாரானீர்கள். மற்ற ஏழில் மூன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மகன் முதலில் தலைமைப் பண்பு, புத்தாக்கம் என்று எழுதி வைத்திருந்தான். யாருடைய கட்டுரையாகவும் இருந்திருக்கலாம். அப்புறம் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்த இந்திய மளிகைக் கடையைப் பற்றி எழுதினான். வெள்ளிக்கிழமை வரும் முருங்கைக்காய் ஞாயிறு மாலைக்குள் விற்காவிட்டால் பாதி விலை, திங்கள் குப்பை. எத்தனை கட்டு வாங்குவது என்று ஆறு வாரம் நோட்டில் குறித்து வைத்து முதலாளியிடம் காட்டியிருக்கிறான். அவர் வாங்கும் அளவைக் குறைத்தார். இதை அவன் எங்களிடம்கூடச் சொன்னதில்லை, கட்டுரையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் 14

ஊரில் கம்யூனிட்டி என்றால் சாதிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். என் மாமனார் உண்மையிலேயே, "அது எந்த கம்யூனிட்டிக்கான காலேஜ்?" என்று கேட்டார். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேர்வதில்லையா, அதுபோல இங்கே மூன்றாம் வருடத்தில் சேர்வது என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். அவருடைய தம்பி மகன் அப்படிப் படித்தவர்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது எளிது. இங்கே இருப்பவர்களிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 2021 செப்டம்பரில் ஒரு வளைகாப்பு. பையன் எங்கே சேர்ந்திருக்கிறான் என்று ஒருவர் கேட்டார். "இங்கேதான், பக்கத்தில்" என்று சொல்லிவிட்டு வளையல் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவன் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். காரில் திரும்பி வரும்போது, "காலேஜ் பேரைச் சொல்லியிருக்கலாம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான்கு வருடம் ஆகிறது, இப்போதும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பெற்றோர்களே, பெயரைச் சொல்லுங்கள்.

2026 ஜனவரி 18

விண்ணப்பித்தவர்கள் யூசி கேட்கும் ஜனவரி புதுப்பிப்பை மறக்க வேண்டாம். இலையுதிர் காலக் கிரேடுகளையும் வசந்தகாலப் பாடங்களையும் அதில் ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் சேர்க்கையே பாதிக்கப்படும். மின்னஞ்சல் குப்பைப் பெட்டியையும் பாருங்கள்.

பிப்ரவரி 8

யோசித்துப் பார்க்கிறேன். நான் இங்கே ஆறு மாதமாகத் திட்டம், தாள், தேதி என்றே எழுதியிருக்கிறேன். முதல் வருடம் முழுக்க மகனிடமும் அதையே பேசினேன். ஆனால் அவனுக்கு அக்கவுன்டிங் பிடிக்கும் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து சேர்ந்த வகுப்பு அது. 1பி நடக்கும்போது ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, "அம்மா, இந்த ரெண்டு பக்கமும் சமமா வந்துடுச்சு" என்று காட்டினான். ஹாஸ் கிடைக்கவில்லை என்று ஏப்ரலில் வந்தபோது அரை நாள் சோர்ந்திருந்தான், மறுநாள் 1சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். இப்போது சாக்ரமென்டோவில் தணிக்கை வேலையில் இருக்கிறான். சிபிஏ என்ற கணக்காளர் உரிமத்துக்கு வேண்டிய அக்கவுன்டிங் யூனிட்களில் சிலவற்றை மறுபடி ஒரு கம்யூனிட்டி காலேஜில்தான் எடுக்கிறான், மாலை வகுப்பில். அவை செல்லும்.

அதனால் நான்கு தாள் என்று முதலில் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு குவார்ட்டரிலும் ஒரு பாடத்துக்காவது பிள்ளை தானே தேர்ந்தெடுக்க இடம் விடுங்கள். அதற்காகத்தான் அக்கவுன்டிங்கை முதல் வருடத்திலேயே தொடங்கச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. பிடிக்கிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ள நேரமும் இருக்கும்.

ஏப்ரல் 12

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மகன் இரண்டு குவார்ட்டர் முடித்துவிட்டான். 1ஏ பி பிளஸ், 1பி ஏ. நான்கு தாளும் சுவரில் ஒட்டியிருக்கிறதாம், ஹாஸும் உண்டு. மகன் தனியாக ஐந்தாவதாக ரிவர்சைடு தாளை எடுத்து வந்திருக்கிறான், அப்பா சொல்லாமலே. ரொம்ப சந்தோஷம்.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி: கோடையில் 1சி எடுக்கலாமா, இந்த வசந்தத்தில் இடம் கிடைக்கவில்லை. எடுக்கலாம். கோடைப் பதிவுக்கு மகனுக்கு ஒதுக்கியிருக்கும் நாளையும் நேரத்தையும் இன்றே பார்த்து வைக்கச் சொல்லுங்கள், அந்த நிமிடத்துக்கே உள்ளே போய்விட வேண்டும். நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் நாள் இருபது நிமிடம் முன்னாலேயே போய் உட்காரட்டும். நாற்காலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.